அட்டவணைகளின் கதை – 17: பாதி நினைவில் பிறக்கும் கேள்வி

1970இல் எட்கர் காட் எழுதிய கட்டுரையிலிருந்து, சான் ஹொசே ஐபிஎம் ஆய்வகத்தில் சிஸ்டம் ஆர் உருவானதுவரை சென்ற பகுதியில் பார்த்தோம். தரவு வட்டில் எந்த மூலையில் கிடக்கிறது, எந்த வழியில் போய் எடுப்பது என்பதையெல்லாம் கேட்பவர் சொல்ல வேண்டியதில்லை. என்ன வேண்டும் என்று சொன்னால் போதும், வழியை இயந்திரமே பார்த்துக்கொள்ளும். காட் தந்த வாக்குறுதி இது. ஆனால் அதற்குள் ஒரு நிபந்தனையும் இருந்தது: என்ன வேண்டும் என்பது கேட்பவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

நமக்கு அப்படித் தெரிவது அபூர்வம். பெயரின் முதல் பாதி நினைவிருக்கும், பின்பாதி மறந்துபோயிருக்கும். விபத்தைப் பார்த்தவர் வண்டி எண்ணின் தொடக்க எழுத்துகளை மட்டும் சொல்வார். ஊர்ப் பெயர் ‘புரம்’ என்று முடியும் என்பது மட்டும் தெரிந்திருக்கும். இந்தப் பாதி நினைவை வைத்துக்கொண்டு ஓர் அட்டவணையைக் கேள்வி கேட்க முடியுமா? முடியும் என்றால், அதற்கு யார் என்ன விலை கொடுக்கிறார்கள்? அந்த விலையைக் கட்டுக்குள் வைக்கும் வழி 1968இலேயே அச்சில் வெளிவந்தும், அது பரவலாகத் தரவுத்தளங்களுக்கு வந்து சேர ஏன் இவ்வளவு காலம் ஆயிற்று? இந்தப் பகுதி அதைப் பற்றியது.

நரம்பிலிருந்து வந்த கணக்கு

கதை கணினியில் தொடங்கவில்லை, மூளையில் தொடங்குகிறது. 1943இல் வாரன் மெக்கல்லக் என்ற நரம்பியலாளரும், அப்போது 20 வயதே ஆன வால்டர் பிட்ஸும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். நரம்புச் செல்களைத் தூண்டப்பட்டது, தூண்டப்படாதது என்ற இரண்டே நிலைகள் கொண்ட சிறு தர்க்கப் பொறிகளாக எண்ணிப்பார்த்தால், அவற்றின் வலையால் என்னென்ன கணிக்க முடியும் என்று கேட்ட கட்டுரை அது.

1951 கோடையில் விஸ்கான்சின் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ஸ்டீபன் க்ளேனி, கலிஃபோர்னியாவின் சான்டா மோனிக்காவிலுள்ள ராண்ட் நிறுவனத்தில் தங்கி இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார். இப்படியொரு வலைக்கு அடையாளம் காணத் தெரிந்த நிகழ்வுகள் எவை? அவர் கண்ட விடை மிகச் சுருக்கமானது. மூன்றே செயல்கள் போதும்: ஒன்றன்பின் ஒன்று வருவது, இது அல்லது அது வருவது, ஒன்றே எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பத் திரும்ப வருவது. இந்த மூன்றால் எழுதக்கூடிய எதையும், குறிப்பிட்ட எண்ணிக்கையிலான நிலைகளை மட்டும் கொண்ட ஓர் எளிய இயந்திரம் கண்டுகொள்ளும். அப்படிப்பட்ட இயந்திரம் கண்டுகொள்ளும் எதையும் இந்த மூன்றால் எழுதிவிடலாம். மூன்றாவது செயலுக்கு அவர் இட்ட நட்சத்திரக் குறி இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. 1951 டிசம்பரில் ராண்ட் அறிக்கையாக எழுதப்பட்ட இந்த ஆய்வு 1956இல் நூல் வடிவில் அச்சேறியது.

இந்தத் தேற்றத்துக்குள் ஓர் உத்தரவாதம் இருக்கிறது. இயந்திரத்தின் நிலைகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை என்பதால், அது உரையை இடமிருந்து வலமாக ஒருமுறை படித்தாலே போதும். ஒவ்வோர் எழுத்துக்கும் நின்று ஒரு முடிவெடுத்து நகர்ந்துவிடும், திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. உரை இரட்டிப்பானால் வேலையும் இரட்டிப்பாகும், அதற்குமேல் போகாது. 1959இல் மைக்கேல் ராபினும் டானா ஸ்காட்டும், ஒரே நேரத்தில் பல நிலைகளில் இருப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட இயந்திரமும் ஒரு நேரத்தில் ஒரு நிலையில் மட்டும் இருக்கும் இயந்திரமும் ஆற்றலில் சமம் என்று நிறுவினார்கள். 1976இல் அவ்விருவருக்கும் டூரிங் விருது பெற்றுத்தந்த ஆய்வு இது.

மரே ஹில்லும் சான் ஹொசேயும்

கணிதத்தாளில் இருந்த இந்த இயந்திரத்தைத் தேடும் கருவியாக்கியவர்களில் முதன்மையானவர் கென் தாம்ப்சன். நியூ ஜெர்சி மாநிலம் மரே ஹில்லில் உள்ள பெல் ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில், க்யூஇடி என்ற உரைத் தொகுப்பியைத் திருத்தி எழுதும்போது, தேடும் சொல்லுக்குப் பதிலாகத் தேடும் வடிவத்தையே கொடுக்கலாம் என்ற வசதியை அவர் சேர்த்தார். அதன் வழிமுறையை 1968 ஜூன் மாத ஏசிஎம் இதழில் நான்கே பக்கங்களில் எழுதினார். கொடுத்த வடிவத்தை ஐபிஎம் 7094 கணினியின் இயந்திரக் கட்டளைகளாகவே மாற்றி, சாத்தியமான எல்லா நிலைகளையும் ஒரு பட்டியலில் வைத்து ஒருசேர நகர்த்தும் முறை அது.

பின்னர் யூனிக்ஸ் வந்தது, அதில் ‘எட்’ என்ற தொகுப்பி வந்தது. ஆய்வகத்தில் லீ மக்மஹன் என்பவர் ‘ஃபெடரலிஸ்ட்’ கட்டுரைகள் 85ஐயும் ஆராய விரும்பினார். புனைபெயரில் வெளிவந்த அந்த அமெரிக்க அரசியல் கட்டுரைகளில் எது யார் எழுதியது என்று சொல்லாட்சியை வைத்துக் கண்டறிவது அவர் நோக்கம். உரை முழுவதும் தொகுப்பியின் நினைவகத்தில் அடங்கவில்லை. தாம்ப்சன் தொகுப்பியிலிருந்து தேடும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்துத் தனிக் கருவியாகக் கொடுத்தார் என்று பிரையன் கெர்னிகன் பதிவு செய்திருக்கிறார். அதுதான் ‘கிரெப்’. 1973 நவம்பரில் வந்த யூனிக்ஸ் நான்காம் பதிப்பில் அது இடம்பெற்றது.

அடுத்த ஆண்டே, 1974இல், நாட்டின் மறுகரையில் சான் ஹொசேயில் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் சீக்வல் மொழியை வெளியிட்டார்கள். நாம் இன்று எஸ்க்யூஎல் என்று அழைப்பதன் முதல் உருவம். ஒரே பத்தாண்டின் நடுவில், ஒரே நாட்டின் இரு கரைகளில், இரண்டு தேடல் மரபுகள் வளர்ந்தன. பெல் ஆய்வகத்தவர்கள் உலகத்தை வரிகளாகப் பார்த்தார்கள். எந்த வரியில் எந்த வடிவம் இருக்கிறது என்று கேட்டார்கள். ஐபிஎம்காரர்கள் அட்டவணையாகப் பார்த்தார்கள். எந்த நெடுவரிசையில் எந்த மதிப்பு இருக்கிறது என்று கேட்டார்கள். முன்னவர்கள் முழுவதையும் படித்துவிடத் தயங்கவில்லை. பின்னவர்கள் இண்டெக்ஸ் வைத்துப் படிக்காமலே கண்டுபிடிக்க உழைத்தார்கள்.

சிஸ்டம் ஆர் குழு 1981 அக்டோபரில் தங்கள் திட்டத்தை மதிப்பிட்டு எழுதிய கட்டுரையில் ஒரு சிறு பத்தி உண்டு. சோதனைக் காலத்தில் பயன்படுத்தியவர்கள் கேட்டுக்கொண்டதால் மொழியில் சேர்த்தவற்றை அதில் பட்டியலிடுகிறார்கள். அவற்றில் ஒன்று, பாதி மட்டும் தெரிந்த எழுத்துத் தொடரைத் தேடும் வசதி. அவர்கள் தரும் எடுத்துக்காட்டு, ‘என்விகே’ என்று தொடங்கும் வண்டி எண்கள் அனைத்தும். இதற்காகப் பிறந்ததுதான் ‘லைக்’. கோட்பாட்டாளர்கள் மேசையில் உதித்த யோசனையல்ல இது. அட்டவணையின் முன் உட்கார்ந்து அன்றாட வேலை செய்தவர்கள் கேட்டு வாங்கியது. இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுவே. எதையும் துல்லியமாகச் சொன்னால்தான் தருவேன் என்ற பொறியிடம், எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான், இதை வைத்துக் கண்டுபிடித்துக் கொடு என்று பயனர்கள் சொல்லிச் சாதித்த இடம்.

லைக்குக்கு இரண்டே குறிகள். % என்றால் எத்தனை எழுத்து வேண்டுமானாலும், _ என்றால் ஏதேனும் ஓர் எழுத்து. 1986இன் முதல் எஸ்க்யூஎல் தரநிலையிலேயே அது இடம்பிடித்தது. க்ளேனியின் மூன்று செயல்களில் ‘இது அல்லது அது’ அதற்குத் தெரியாது. ‘இந்தத் துண்டு மட்டும் திரும்பத் திரும்ப’ என்பதும் தெரியாது.

நான்கு சுப்பிரமணியன்கள்

இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதை ஒரு தமிழ்ப் பெயரை வைத்தே பார்க்கலாம். எந்த உறுப்பினர் பட்டியலை எடுத்தாலும் சுப்பிரமணியன், சுப்ரமணியன், சுப்பிரமணியம், சுப்ரமணியம் என்று ஒரே பெயர் நான்கு விதமாக எழுதப்பட்டிருக்கும். நான்கையும் ஒருசேர எடுக்க லைக்கில் என்ன எழுதுவது? ‘சுப்%ரமணிய%’ என்று எழுதலாம். நான்கும் வரும். கூடவே சுப்பிரமணியசாமியும் வருவார், சுப்பிரமணியபுரமும் வரும். வலையின் கண் பெரிதாக இருப்பதால் வேண்டாததும் சேர்ந்து வருகிறது.

ரெகுலர் எக்ஸ்பிரஷனில், நிரலர்கள் சுருக்கமாகச் சொல்லும் ரெஜெக்ஸில், இதையே இப்படி எழுதலாம்:

^சுப்(பி)?ரமணிய(ன்|ம்)$

^ தொடக்கத்தையும் $ முடிவையும் குறிக்கின்றன. அடைப்புக்குப் பின்னால் வரும் கேள்விக்குறி, ‘பி’ இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்கிறது. நடுக்கோடு, ‘ன்’ அல்லது ‘ம்’ என்கிறது. நான்கு வடிவங்களும் வரும், ஐந்தாவது வராது.

தாம்ப்சனின் முறையில் இது எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். ‘சுப்ரமணியம்’ என்ற சொல்லை இயந்திரம் படிக்கிறது. ‘சுப்’ முடிந்ததும் அது ஒரே நேரத்தில் இரண்டு எதிர்பார்ப்புகளோடு நிற்கிறது: அடுத்து ‘பி’ வரலாம், ‘ர’வும் வரலாம். வருவது ‘ர’. முதல் எதிர்பார்ப்பு அங்கேயே அடிபட்டுப்போகிறது, இரண்டாவது முன்னேறுகிறது. ‘ரமணிய’ முடிந்ததும் மீண்டும் இரண்டு எதிர்பார்ப்புகள். ‘ம்’ வருகிறது, சொல்லும் முடிகிறது, பொருத்தம் உறுதியாகிறது. எந்த எழுத்தையும் இரண்டாம் முறை படிக்கவில்லை. க்ளேனியின் உத்தரவாதம் இங்கே அப்படியே நிற்கிறது.

டொரன்டோவிலிருந்து ஓர் இலவச நூலகம்

பெல் ஆய்வகத்தின் நிரல்கள் உரிமத்துக்கு உட்பட்டவை. 1986இல் கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ஸ்பென்சர், அதே வேலையைச் செய்யும் ரெஜெக்ஸ் நூலகத்தைத் தாமே புதிதாக எழுதி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். 1987இல் லாரி வால் உருவாக்கிய பெர்ல் மொழியின் ரெஜெக்ஸ் அந்த வழியில் வளர்ந்ததே. ஸ்பென்சர் பின்னாளில் எழுதிய நூலகங்களில் ஒன்று மைஎஸ்க்யூஎல்லுக்குள் போயிற்று, இன்னொன்று போஸ்ட்கிரஸுக்குள் போயிற்று. தரவுத்தளங்களுக்கு ரெஜெக்ஸ் வந்த பாதையில் இந்த ஒரு மனிதரின் உழைப்பு அடித்தளமாகக் கிடக்கிறது.

போஸ்ட்கிரஸ் பிறந்தது பெர்க்லியில். மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் முதலில் செய்த இங்கிரஸே யூனிக்ஸில் ஓடியது. 1986இல் தொடங்கிய போஸ்ட்கிரஸும் அப்படியே. அட்டவணைக்காரர்களும் வரிக்காரர்களும் ஒரே கூரையின்கீழ் இருந்த இடம் அது. புதிய தரவு வகைகளையும் புதிய செயற்குறிகளையும் பயனரே சேர்த்துக்கொள்ளலாம் என்பது போஸ்ட்கிரஸின் அடிப்படைக் கொள்கை என்பதால், ரெஜெக்ஸுக்கு ~ என்ற குறி இயல்பாக உள்ளே வந்து உட்கார்ந்தது. எஸ்க்யூஎல்லில் ‘பெயர் ~ வடிவம்’ என்று எழுதினால் போதும். 2003இல் டாம் லேன், டிசிஎல் மொழிக்காக ஸ்பென்சர் புதிதாக எழுதியிருந்த நூலகத்தைப் பெயர்த்தெடுத்து போஸ்ட்கிரஸ் 7.4இல் பொருத்தினார். கூடுமானவரை நிலை இயந்திர வழியிலேயே போகும் நூலகம் அது.

ஆரக்கிள் தன் 10ஜி பதிப்பில் ‘ரெஜெக்ஸ்ப் லைக்’ முதலிய நான்கு செயற்கூறுகளைக் கொண்டுவந்தது. எஸ்க்யூலைட் வேறு வழியை எடுத்தது. ரெஜெக்ஸுக்கான சொல்லை மொழியில் வைத்தது, அதைச் செயல்படுத்தும் பொறியை மட்டும் பயன்படுத்துபவரே கொண்டுவந்து பொருத்தட்டும் என்று விட்டது.

தரநிலைக் குழுவும் சும்மா இருக்கவில்லை. 1999இன் தரநிலையில் ‘சிமிலர் டு’ வந்தது. லைக்கின் % குறியையும் ரெஜெக்ஸின் நடுக்கோட்டையும் அடைப்பையும் ஒன்றாகக் கலந்த வடிவம் அது. ரெஜெக்ஸ் பழகியவருக்கு அதில் புள்ளி வேலை செய்யவில்லை. லைக் பழகியவருக்குப் புதிய குறிகள் குழப்பின. அது பெரிதாகப் பரவவில்லை. 2008இன் தரநிலை, எக்ஸ்க்யூரி மொழியின் இலக்கணத்தை ஒட்டி ‘லைக் ரெஜெக்ஸ்’ என்று மீண்டும் முயன்றது. அதற்குள் ஒவ்வொரு தயாரிப்பும் தனக்கென்று ஒரு பெயரையும் ஓர் இலக்கணத்தையும் வைத்துக்கொண்டுவிட்டது. ஒரே கேள்வியை ஒரு தரவுத்தளத்திலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துச் செல்பவர் இன்றும் திருத்தி எழுத வேண்டியிருப்பது இந்தத் தாமதத்தின் விளைவு.

கைவிடப்பட்ட உத்தரவாதம்

இந்தப் பரவலின்போது ஒன்று கைநழுவிப்போயிற்று. ஸ்பென்சரின் 1986 நூலகம் தாம்ப்சனின் வழியில் போகவில்லை. பேக்டிராக்கிங் என்ற வழியில் போயிற்று. தெருக்கள் பிரிந்து பிரிந்து போகும் ஊரில் ஒரு வீட்டைத் தேடுவதாக வைத்துக்கொள்வோம். தாம்ப்சனின் வழியில், ஒவ்வொரு பிரிவிலும் ஆட்கள் இரண்டாகப் பிரிந்து எல்லாத் தெருக்களிலும் ஒருசேர நடக்கிறார்கள். இரண்டு பேர் ஒரே முனையில் வந்து சேர்ந்தால், அதற்குமேல் ஒருவர் போனால் போதும். பேக்டிராக்கிங்கில் ஒரே ஆள் முதல் தெருவில் கடைசிவரை போய்ப் பார்த்து, இல்லையென்றால் பிரிந்த இடத்துக்கே திரும்பிவந்து அடுத்த தெருவில் நுழைகிறார். ஏற்கெனவே பார்த்த முனைக்கு வேறு தெரு வழியாக வந்தாலும், பார்த்தது அவருக்கு நினைவிருக்காது.

பேக்டிராக்கிங்குக்கு ஒரு நியாயம் உண்டு. முன்னால் பொருந்திய அதே துண்டு பின்னாலும் வர வேண்டும் என்பது போன்ற கோரிக்கைகள் க்ளேனியின் மூன்று செயல்களுக்கு அப்பாற்பட்டவை. அவற்றைத் தாம்ப்சனின் இயந்திரத்தால் செய்ய முடியாது, பேக்டிராக்கிங்கால் முடியும். பெர்ல் அந்த வசதிகளை வளர்த்தது, மற்ற மொழிகள் பெர்லைப் பின்பற்றின. அபூர்வமாகத் தேவைப்படும் ஒரு வசதிக்காக, எல்லா நேரத்திலும் தேவைப்படும் உத்தரவாதம் கைவிடப்பட்டது.

இதை 2007இல் ரஸ் காக்ஸ் ஒரு கட்டுரையில் அளந்து காட்டினார். ‘ஓர் எழுத்து இருக்கலாம், இல்லாமலும் போகலாம்’ என்பதை 29 முறையும், அதையடுத்து ‘அந்த எழுத்து கட்டாயம்’ என்பதை 29 முறையும் கேட்கும் ஒரு வடிவம். அதை, அதே எழுத்து 29 முறை வரும் தொடரோடு பொருத்த வேண்டும். பேக்டிராக்கிங் ஒவ்வோர் இடத்திலும் இரண்டு வழிகளைச் சோதிக்கிறது. 29 இடங்களுக்கு 53 கோடிக்கு மேற்பட்ட வழிகள். பெர்ல் 60 நொடிகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது. 1968இன் முறை 20 மைக்ரோநொடியில் முடித்தது.

இது ஆய்வகத்தில் செய்துபார்த்த கணக்கோடு நின்றுவிடவில்லை. 2016 ஜூலை 20 அன்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 34 நிமிடம் முடங்கியது. அதன் பொறியாளர்களே வெளியிட்ட விளக்கத்தின்படி, ஒரு பதிவில் தொடர்ச்சியாகச் சுமார் 20,000 வெற்றிடங்கள் இருந்தன. வரியின் இறுதியில் உள்ள வெற்றிடத்தை நீக்குவதற்கான ரெஜெக்ஸ் முதல் வெற்றிடத்தில் தொடங்கி 20,000 எழுத்துகள் ஓடி, இறுதியில் வேறோர் எழுத்து நிற்பதைக் கண்டு தோற்றது. இரண்டாவது வெற்றிடத்திலிருந்து மீண்டும் தொடங்கி 19,999 எழுத்துகள் ஓடித் தோற்றது. இப்படியே போனால் கூட்டுத்தொகை சுமார் 20 கோடி ஒப்பீடுகள். அந்தப் பதிவு முகப்புப் பக்கத்தில் வந்ததால் முகப்பே திறக்கவில்லை. சுமைப் பங்கீட்டுப் பொறி, சேவையகங்கள் செத்துவிட்டன என்று கருதி ஒவ்வொன்றாக விலக்கிவிட்டது.

ஒரே ஒரு வரியின் விலை இது. தரவுத்தளத்தில் ஒரு வினவல் இதே வேலையை அட்டவணையின் ஒவ்வொரு வரிக்கும் செய்கிறது. பல லட்சம் வரிகள் உள்ள அட்டவணையில் மோசமான ஒரு வடிவம், மற்ற எல்லோருடைய வேலையையும் நிறுத்திவைக்கும். ஒரு தேடுபெட்டியில் பயனர் தட்டச்சுவதை அப்படியே ரெஜெக்ஸாக வினவலுக்குள் விடுபவர், அந்தக் கணினியின் நேரத்தை முன்பின் அறியாதவர் கையில் ஒப்படைக்கிறார்.

காக்ஸ் எழுதியதோடு நிற்கவில்லை. கூகுளில் 2006இல் வெளிவந்த நிரல்தேடும் சேவைக்காகத் தாம் கட்டிய, தாம்ப்சன் வழியிலான பொறியை, ‘ஆர்இ2’ என்ற பெயரில் 2010இல் பொதுவெளியில் வைத்தார். முன்னால் பொருந்தியது மீண்டும் வருவதைத் தேடும் வசதி அதில் கிடையாது. அதற்கு ஈடாக, எந்த வடிவத்தைக் கொடுத்தாலும் உரையின் நீளத்துக்கு ஏற்ற நேரத்துக்குள் முடியும் என்ற உறுதி உண்டு. கூகுளின் பிக்க்வெரி அதைத்தான் பயன்படுத்துகிறது. பல ஆண்டுகள் லைக்கோடு மட்டுமே காலம் தள்ளிய மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர், தன் 2025 பதிப்பில் ரெஜெக்ஸைச் சேர்த்தபோது தேர்ந்தெடுத்ததும் அதே ஆர்இ2வைத்தான்.

ஓர் எழுத்துக்கு எத்தனை பைட்?

தமிழ்த் தரவோடு வேலை செய்பவர்களுக்கு இந்த வரலாற்றில் இன்னொரு பக்கம் உண்டு. பழைய நூலகங்கள் ஓர் எழுத்து என்றால் ஒரு பைட் என்று எண்ணிக் கட்டப்பட்டவை. மைஎஸ்க்யூஎல்லில் இருந்த ஸ்பென்சரின் நூலகமும் பைட் பைட்டாகவே ஒப்பிட்டது. யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். ‘தமிழ்’ என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடுக்கு அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள். வட்டில் அது 15 பைட்.

இதனால் நேர்ந்த பிழை ஒன்றைப் பார்ப்போம். ‘ச’வில் அல்லது ‘ஸ’வில் தொடங்கும் பெயர்களை எடுக்க ^[சஸ] என்று எழுதுவது இயல்பு. சதுர அடைப்புக்குள் இருக்கும் எழுத்துகளில் ஏதேனும் ஒன்று என்பது அதன் பொருள். பைட் பைட்டாகப் பார்க்கும் பொறிக்கோ, அடைப்புக்குள் இருப்பது இரண்டு எழுத்தல்ல, ஆறு பைட். அந்த ஆறில் ஏதேனும் ஒரு பைட்டில் சொல் தொடங்கினால் போதும் என்று அது எடுத்துக்கொள்ளும். தமிழ் எழுத்துகள் எல்லாமே ஒரே பைட்டில்தான் தொடங்குகின்றன. ஆகவே அம்மாசியும் வருவார், யாழினியும் வருவார், அட்டவணையில் உள்ள தமிழ்ப் பெயர்கள் அத்தனையும் வந்து நிற்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. விடை மட்டும் தவறாக இருக்கும்.

2018இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த மைஎஸ்க்யூஎல் 8.0, ஸ்பென்சரின் நூலகத்தை விடுத்து யூனிகோடை முழுமையாக அறிந்த ஐசியூ நூலகத்துக்கு மாறியது. அதில் ^[சஸ] சரியாக வேலை செய்யும். கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரியும் மெய்யையும் அதன் உயிர்க்குறியையும் ஒன்றாகப் பிடிக்கும் தனிக் குறியும் அதில் உண்டு. அதுவும் பேக்டிராக்கிங் வழிதான் என்பதால், ஒரு பொருத்தம் எவ்வளவு வேலை செய்யலாம் என்பதற்கு உச்சவரம்பு வைக்கும் அமைப்பையும் சேர்த்தே கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகும் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். சதுர அடைப்புக்குள் உயிர்மெய்யைப் போட்டால் அது உடைந்துபோகும். [கிகு] என்பதைப் பொறி ‘க’, இகரக் குறி, உகரக் குறி ஆகிய மூன்றில் ஒன்று என்றே படிக்கும். (கி|கு) என்று வட்ட அடைப்பில் எழுதுவதே சரி. இரண்டாவது, ‘கொ’ என்பதன் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, வடிவம் மட்டும் பொருந்தாது. தரவை உள்ளே வாங்கும்போதே ஒரே முறைக்கு மாற்றிவைப்பதுதான் இதற்கு மருந்து. போஸ்ட்கிரஸ் 2020இல் வந்த 13ஆம் பதிப்பிலிருந்து இதற்கென்றே ஒரு செயற்கூறு தருகிறது.

படிக்காமலே விலக்குவது

கடைசியாக எஞ்சியது அட்டவணைக்காரர்களின் பழைய கனவு: எல்லா வரிகளையும் படிக்காமல் விடை சொல்வது. வழக்கமான இண்டெக்ஸ் அகரவரிசைப்படி அடுக்கப்பட்டது. ‘என்விகே%’ போலத் தொடக்கம் தெரிந்தால் நேரே அந்த இடத்துக்குப் போய்விடலாம். ^சுப் என்று தொடங்கும் ரெஜெக்ஸுக்கும் போஸ்ட்கிரஸ், இண்டெக்ஸ் அதற்கேற்ப அமைக்கப்பட்டிருந்தால், இந்தக் குறுக்குவழியை எடுக்கும். ஆனால் முடிவோ நடுவோ மட்டும் தெரிந்த கேள்விக்கு அகரவரிசை உதவாது.

இதற்கான வழி, உரையை மூன்று மூன்று எழுத்தாக நறுக்கி, ஒவ்வொரு துண்டும் எந்தெந்த வரிகளில் இருக்கிறது என்று குறித்துவைப்பது. எளிமைக்காக எழுத்துக்கணக்கில் சொன்னால், ‘கனகசபை’ என்ற பெயர் கனக, னகச, கசபை என்ற துண்டுகளின் கீழெல்லாம் பதிவாகும். ‘கசபை’ என்று முடியும் பெயரைத் தேடினால், அந்தத் துண்டு உள்ள வரிகளை மட்டும் எடுத்து ரெஜெக்ஸிடம் கொடுத்தால் போதும். மற்ற எல்லாம் படிக்காமலே விலக்கப்பட்டுவிடும். கூகுளின் நிரல்தேடும் சேவை இந்த உத்தியில்தான் ஓடியது என்று காக்ஸ் 2012இல் எழுதினார். போஸ்ட்கிரஸில் ஓலெக் பார்துனோவும் தியோடோர் சிகயேவும் உருவாக்கிய மும்மை எழுத்து நீட்சி, 2011இல் லைக்குக்கும், அலெக்சாண்டர் கொரோத்கோவின் உழைப்பால் 2013இல் ரெஜெக்ஸுக்கும் இண்டெக்ஸ் உதவியைக் கொண்டுவந்தது. கொடுத்த ரெஜெக்ஸை ஆராய்ந்து, இது பொருந்த வேண்டுமானால் எந்தெந்தத் துண்டுகள் கட்டாயம் இருந்தாக வேண்டும் என்று அது முன்கூட்டியே கணித்துக்கொள்கிறது. வடிவத்திலிருந்து உறுதியான மூன்றெழுத்துத் துண்டு எதுவும் தேறாவிட்டால் மட்டும், பழையபடி எல்லாவற்றையும் படிக்க வேண்டியதுதான்.

வரிக்காரர்களின் கேள்வியும் அட்டவணைக்காரர்களின் விரைவும் இங்கேதான் உண்மையில் ஒன்றுசேர்ந்தன. 1973க்கும் 2013க்கும் இடையே 40 ஆண்டுகள்.

இந்த 40 ஆண்டுகளைச் சொல்லாமல், குறிகளின் பட்டியலை மட்டும் மாணவர்களுக்கு மனப்பாடமாகக் கொடுப்பது போதாது என்பது என் உறுதியான எண்ணம். புள்ளி, நட்சத்திரம், கேள்விக்குறி ஆகியவற்றை ஒரு மாலைப் பொழுதில் கற்றுக்கொள்ளலாம். அவற்றின் பின்னால் எந்தப் பொறி ஓடுகிறது, அது திரும்பிவந்து தேடும் வகையா, ஒருமுறை படித்து முடிக்கும் வகையா, அதற்கு ஓர் எழுத்து என்றால் என்ன, இண்டெக்ஸ் கைகொடுக்குமா என்ற நான்கையும் தெரிந்துகொண்டவரே, தான் கேட்கும் கேள்வியின் விலையை அறிந்தவர். பாதி நினைவோடு கேட்கும் உரிமையைப் பயனர்கள் கேட்டுப் பெற்றார்கள். அந்த உரிமை ஒருவருக்குக் கிடைக்கும்போது மற்றவர்களின் வேலை நின்றுபோகாமல் பார்த்துக்கொள்வது வினவல் எழுதுபவரின் பொறுப்பு.

இவ்வளவு செய்தும் ரெஜெக்ஸுக்குப் பொருள் தெரியாது. ‘மரத்தில்’, ‘மரங்களை’, ‘மரமும்’ எல்லாம் மரத்தைப் பற்றியவை என்று அது அறியாது. சொல்லின் உருவத்தைத் தாண்டி அதன் வேரைத் தேடும் முழு உரைத் தேடல் தரவுத்தளத்துக்குள் எப்படி வந்தது, வேற்றுமை உருபுகள் நிறைந்த தமிழுக்கு அது ஏன் கடினமாயிற்று என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

(தொடரும்)